மகரிப் நேரத்துப் படங்கள்

நாவுல
2008 ஜனவரி 11

நூருட வாப்பாவுக்கு ஸலாம்.

நாங்க நல்ல சுகம் என்று எழுதித் தொடங்குறதுதான் முறை. இந்தத் தரம் அதை எழுதல்ல. கடிதத்தோட நாலு படம் வச்சிருக்கேன். பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

முதல் படம் கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. மூணாவதில வெள்ளை வெள்ளையா வட்டம் தெரியும், அது மழைத் தூறல். நாலாவதில பளிச்சென்று தெரியிறது கொடிக்கம்பியும் அதில காயப்போட்ட நூருட சட்டையும். அந்தச் சட்டைக்குப் பின்னால, வாழைக்கும் வேலிக்கும் நடுவில, யானை நின்னுட்டு இருந்தது. மாத்தளை ஸ்டூடியோக்காரர் "மிஸ், இதெல்லாம் பிரிண்ட் போடணுமா?" என்று ரெண்டு தரம் கேட்டார். போடுங்க என்றேன். இரக்கப்பட்டுப் போட்டுக் குடுத்தார்.

போன கிழமை போன்ல நீங்கதான் சொன்னீங்க, "யானை யானை என்றியே, அனுப்பின கேமராவில ஒண்ணைப் பிடிச்சு அனுப்பு பாப்போம்" என்று. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னீங்க. அதுக்கு முந்தி மீராசாஹிப் நானா உங்களுக்கு என்ன சொல்லியிருப்பார் என்றும் எனக்குத் தெரியும். "அவளுக்கு உம்மா வீட்டுக்குப் போகணும், யானை ஒரு சாட்டு." உங்கட கூடப்பிறந்த நானா. கடைத்தெருவில சீமெந்து வீட்டுக்குள்ள தூங்குறவர். வயலோரத்தில என்ன வருது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கட ஆக்கள்ல மாப்பிள்ளை பொண் வீட்டில வந்து இருக்கிறதுதான் வழக்கம். நீங்க மட்டும் ஏலாது என்றீங்க. மாமி வீட்டுச் சோத்தில வளர மாட்டேன் என்று சொல்லி உங்க வாப்பாட காணியில இந்த வீட்டைக் கட்டினீங்க. நான் மறுபேச்சுப் பேசல்ல. மாத்தளை டவுனில பிறந்து பேராதனை கெம்பஸில படிச்சவ, ஒரு கைப்புள்ளையோட இங்க வந்து இருந்தேன். இப்பவும் இந்த வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லல்ல. பின்னால யானை வருது, அவ்வளவுதான் சொல்றேன்.

டிசம்பர் நடுவிலிருந்து வருது. மகரிப் பாங்கு கேட்டுக் கொஞ்ச நேரத்தில, வெளிச்சம் போயும் போகாமலும் இருக்கிற நேரம். யானைக்குப் போட்ட மின்சார வேலியில ரெண்டு மாசமா கரண்ட் இல்ல. வெடி கொளுத்தவும் பயமா இருக்கு. இந்தச் சண்டைக் காலத்தில ஒரு சத்தம் கேட்டா, யானைக்குப் போட்டதா மத்ததா என்று ஊரே நடுங்கி எழும்புது.

நூருட படமும் கேட்டிருந்தீங்க. எடுத்தேன். அவ அசையாம நிக்கிறதே இல்ல, எல்லாத்திலயும் மூஞ்சி தண்ணியில கரைச்ச மாதிரி வருது. அனுப்ப மனசு வரல்ல.

கேமராப் பெட்டிக்குள்ள இருக்கிற புத்தகம் அரபியிலயும் சீனத்திலயும் இருக்கு. நீங்க அங்க கேமரா விக்கிறவர். இருட்டுற நேரத்தில வெளியில நின்னு எப்படி எடுக்கிறது? எழுதுங்க. இல்லாட்டி "உம்மா வீட்டுக்குப் போ" என்று எழுதுங்க. எது லேசோ அது.

ஹிதாயா


தோஹா
2008 ஜனவரி 29

ஹிதாயாவுக்கு ஸலாம்.

கடிதம் நேத்துக் கிடைச்சது. அவசரத்தில கடையில வச்சே பிரிச்சேன். அது பிழை. பக்கத்துக் கவுண்டர் மலையாளி எட்டிப் பார்த்து, "லாபிர் பாய், உங்க நாட்டில கரண்டே இல்லையா?" என்றான். நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

கோபப்படாம கேளு. கஸ்டமருக்குச் சொல்றதைத்தான் சொல்றேன். நீ பிளாஷ் போட்டிருக்கே. அது பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல எட்டாது. கிட்ட இருக்கிற கொடிக்கம்பியை வெள்ளையாக்கும், தூரத்தில இருக்கிறதை இன்னும் கறுப்பாக்கும், தூறலையும் தூசியையும் வட்டம் வட்டமாக் காட்டும். மின்னல் அடையாளம் போட்ட பட்டனை, மின்னலுக்குக் குறுக்கே கோடு விழும் வரைக்கும் அமத்து. பிளாஷ் செத்துப் போகும். பிறகு நிலாவும் நட்சத்திரமும் போட்ட அடையாளத்துக்குத் திருப்பு.

அப்ப கேமரா கூட நேரம் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு இருக்கும். அந்த நேரத்தில கை நடுங்கினாலும் முன்னால நிக்கிறது அசைஞ்சாலும் எல்லாம் கலங்கிடும். அதனால கையில பிடிச்சு எடுக்காதே. மதிலோ கதிரையோ எதிலயாவது ஊண்டி வை. பட்டனை அமத்துற விரலே அதை ஆட்டும், அதுக்குத்தான் டைமர் இருக்கு. அமத்திட்டுக் கையை எடுத்துடு, பத்து செகண்ட் கழிச்சு அதுவா எடுக்கும். ஸூமைத் தொடவே வேணாம். ஸூம் பண்ணினா வெளிச்சம் குறையும், ஆட்டம் கூடும். ரெண்டு எட்டு கிட்டப் போய் எடுக்கிறதுதான் எப்பவும் நல்லது.

யானை விஷயம். நானா அது காட்டுப் பன்றி என்கிறார். வாப்பா அந்தக் காணியில முப்பது வருஷம் வயல் செய்தவர், ஒரு தரம்கூட அந்தப் பக்கம் யானை வரல்லயாம். பொய் சொல்றே என்று நான் சொல்லல்ல. தனியா இருக்கிற பயம் பன்றியையும் பெரிசாக் காட்டும்.

வீட்டைப் பூட்டிட்டுப் போகிற கதையை இப்ப எடுக்காதே. பன்னிரண்டு மணித்தியாலம் நிக்கிறேன் நான், உக்காரக் கதிரை இல்ல. கால் வீங்கினா அந்த வீட்டைத்தான் நினைச்சுக்கிறேன். அதில விளக்கு எரியுது, நீயும் மகளும் இருக்கிறீங்க என்று. பூட்டின வீட்டை நினைச்சுக்கிட்டு நிக்க என்னால ஏலாது.

கலங்கினாலும் பரவாயில்ல, மகள்ட படம் ஒண்ணு அனுப்பு.

லாபிர்


நாவுல
2008 மார்ச் 9

நூருட வாப்பாவுக்கு,

பிளாஷ் செத்துப் போச்சு. நன்றி.

"ரெண்டு எட்டு கிட்டப் போ" என்று எழுதியிருக்கிறீங்க. உங்கட கடைக்கு வாற கஸ்டமர்கள் யாரும் யானை எடுக்கிறதில்லையாக்கும். அந்த வரியைப் பல தரம் வாசிச்சேன். எழுதும்போது என்னை நினைச்சு எழுதினீங்களா, வாயில பழகினது பேனாவில வந்துட்டுதா என்று விளங்கல்ல. நான் கிட்டப் போகல்ல.

மத்ததெல்லாம் சொன்னபடி செய்தேன். குசினி ஜன்னல்ல, கம்பிக்கு நடுவில கேமராவை ஊண்டி வச்சு டைமர் போட்டேன். பத்து செகண்டும் அதுட முன்னால ஒரு சிவப்பு லைட் மினுங்கி மினுங்கி எரியும் என்று நீங்க சொல்லல்லயே! யானை காதை விரிச்சுக்கிட்டு அந்த லைட்டையே பார்த்தது. நான் நிலத்தில குந்தி நூருட வாயைப் பொத்திக்கிட்டு எண்ணினேன். அந்தப் பத்து செகண்டில எனக்கு எத்தனை வயசு போச்சு என்று தெரியாது. பிறகு கறுப்புப் பிளாஸ்டர் வெட்டி அந்த லைட்டுக்கு மேல ஒட்டினேன். அதை எந்தக் கடையிலயும் சொல்லித்தர மாட்டாங்க, எழுதி வச்சுக்குங்க.

படம் போட மாத்தளைக்குப் போன நாள் பஸ்ஸை நிப்பாட்டினாங்க. தம்புள்ளையில பஸ்ஸில குண்டு வெடிச்ச பிறகு எல்லாரும் இறங்கணும், பையைத் திறக்கணும். புள்ளைய இடுப்பில வச்சுக்கிட்டு நின்னேன். கேமராவைக் கண்டதும் ஆமிக்காரப் பையன்ட முகம் மாறிச்சு. ஒவ்வொரு படமாத் தட்டிப் பார்த்தான். நாப்பது படமும் இருட்டு. "இது என்ன?" என்று சிங்களத்தில கேட்டான். யானை என்றேன். திரும்பவும் பத்துப் படம் தட்டினான். "எங்க யானை?" என்றான். பின்னால வரிசையில நின்ன ஒரு மாமி சிரிச்சுட்டாங்க. அவனுக்கும் சிரிப்பு வந்துட்டுது, கேமராவைத் திருப்பித் தந்தான். சிரிப்பு வந்திருக்காட்டி என்ன நடந்திருக்கும் என்றுதான் வீடு வரைக்கும் நினைச்சுக்கிட்டு வந்தேன்.

ஒரு படத்தில மட்டும் சாம்பல் நிறத்தில ஒரு உருவம் விழுந்திருக்கு. அனுப்பியிருக்கேன். அதை நானாவுக்கும் காட்டினேன்.

"இது பாறை, தங்கச்சி."

"அந்த இடத்தில பாறை இல்ல நானா. நீங்க உழுத காணிதானே."

"அப்ப வைக்கோல் போர்."

"வைக்கோல் போருக்கு வால் இருக்குமா?"

"படிச்ச பொம்புளையோட வாய் குடுக்க ஏலாது" என்று சொல்லிட்டு, ட்ரக்டர்ல இருந்து நெல்லு இறக்கச் சொன்னார். ஆமா, உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். இந்தப் போகத்து நெல்லு பதினெட்டு மூட்டை எங்கட பின்னறையில அடுக்கியிருக்கு. கடைத்தெருவில எலியாம். யானைக்கு ஒரு மைல் தூரத்திலயே நெல்லு மணக்கும், சுவரை இடிச்சு எடுக்கும் என்று இந்த ஊர்ல சின்னப் புள்ளையும் சொல்லும். நானும் சொன்னேன். "யானைதான் இல்லையே" என்றார்.

இப்ப விளங்குதா, ஏன் அது பன்றியாகவே இருக்கணும் என்று?

நூரு கண்ணாடியில வச்சிருக்கிற உங்கட படத்துக்கு முன்னால நின்னு "வாப்பா சாப்பிட்டீங்களா" என்று கேக்குறா. கலங்கின படம் ஒண்ணு வச்சிருக்கேன். மஞ்சள் சட்டைதான் மகள்.

எனக்குச் சரியான களைப்பு. பயந்துக்கிட்டே இருக்கிறதும் ஒரு வேலைதான்.

ஹிதாயா


தோஹா
2008 ஏப்ரல் 2

ஹிதாயாவுக்கு,

"கிட்டப் போ" என்று எழுதினது வாய்ப் பழக்கம்தான். ஒரு நாளைக்கு நாப்பது பேருக்குச் சொல்றேன். மன்னிச்சுக்க. ஒருநாளும் கிட்டப் போகாதே.

உன்ட படத்தைக் கடைக் கம்ப்யூட்டரில போட்டு வெளிச்சம் கூட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொல்றேன், ஏதோ இருக்கு. ஆனா எனக்கும் அது வைக்கோல் போர் மாதிரித்தான் தெரியுது. வால் என்று நீ சொல்றது கயிறாகவும் இருக்கலாம். கோபப்படாதே. இதை வச்சுக்கிட்டு நானாவோட நான் பேச ஏலாது. மூட்டையை எடுங்க என்று சும்மா சொல்ல எனக்கு வாய் வராது. இந்த விசாவுக்கு ஆள் பிடிச்சு, ஏஜென்சி ஏஜென்சியா நடந்தவர் அவர். தெளிவா ஒரு படம் கையில இருந்தா, "நானா, இதைப் பாருங்க" என்று நான் தொடங்கலாம். ஒரேயொரு படம் போதும்.

ஜன்னலுக்குள்ள இருந்து எடுத்தா கம்பி மறைக்கும். இங்க பெரிய கேமராக்காரங்க ஒரு பை வாங்குறாங்க, உள்ளுக்கு வெறும் தானியம்தான். கேமராவை அதில அமத்தி வச்சா மெத்தையில படுத்த மாதிரி அசையாமக் கிடக்கும், எந்தப் பக்கமும் சரிக்கலாம். நீ பழைய தலகாணி உறையொண்ணில ரெண்டு கொத்து நெல்லு அளந்து போட்டுக் கட்டு. நானாட மூட்டையிலயே எடு, கேட்டா நான் சொன்னதாச் சொல்லு. கிணத்துக் கட்டில பையை வச்சுப் பகல்லயே ஒத்திகை பாரு. எந்த இடம் எவ்வளவு தெரியுது என்று.

மெனுவில ஐ.எஸ்.ஓ. என்று இருக்கும். நானூறில வை. அதுக்கு மேல போனா படம் ரவை கொட்டின மாதிரி வரும். முழு இருட்டில எடுக்காதே. சூரியன் இறங்கின பிறகு ஒரு இருபது நிமிஷம் வானம் நீலமா இருக்கும், கண்ணுக்கு மங்கலாத் தெரிஞ்சாலும் கேமராவுக்கு அது போதும். யானைக்குப் பின்னால காட்டை வைக்காம வானத்தை வை. காட்டுக்கு முன்னால எதுவும் காடுதான்.

நாங்க ஆறு பேர் ஒரு அறையில. மஞ்சள் சட்டைப் படத்தைக் கட்டில் தலைமாட்டில ஒட்டியிருக்கேன். ஒருத்தன் கேட்டான், இது பூவா என்று.

லாபிர்


மாத்தளை
2008 ஏப்ரல் 27

நூருட வாப்பாவுக்கு,

மேல இருக்கிற ஊர்ப் பேரைப் பார்த்திருப்பீங்க. முதல்ல முழுசா வாசிங்க.

நீங்க சொன்ன மாதிரிப் பை தச்சேன். ரெண்டு கொத்து நெல்லு. கிணத்துக் கட்டில வச்சு ஒத்திகை பார்த்தேன், உண்மையிலயே நல்லா நின்னுச்சு. நடுவில நூரு விழுந்து அழ, கேமராவை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடினேன். பையை மறந்துட்டேன். காலையில போய்ப் பார்த்தா பை இல்ல. கிணத்தடிச் சேத்தில ஒரு காலடி, என்ட சோத்துக் கோப்பையை விடப் பெரிசு.

அப்பவே நான் நிப்பாட்டியிருக்கணும். விஞ்ஞானம் படிச்சவ. ஒரு இடத்தில தின்னக் கிடைச்சா மிருகம் அந்த இடத்துக்குத் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரிஞ்சது. தெரிஞ்சதால என்ன செய்தேன் தெரியுமா? இனி அது எங்க வரும் என்று தெரியும், கேமராவைச் சரியான இடத்தில வைக்கலாம் என்று நினைச்சேன். எழுதவே கை கூசுது.

அடுத்த நாள் சனிக்கிழமை. நூரு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தூங்கிட்டா. நான் முன் கதவால வெளியில வந்து, வீட்டு மூலையில மழைத்தண்ணி பிடிக்கிற பீப்பாவுக்கு மேல கேமராவை வச்சேன். அங்கிருந்து பார்த்தா கிணறு, பின்னால வானம். நீங்க சொன்னபடி. பாங்கு முடிஞ்சுது. அது வந்தது, நேரா கிணத்துக் கட்டுக்கு. தும்பிக்கையால கட்டைத் தடவித் தடவித் தேடிச்சு, புள்ளைகள் பாய்க்கடியில காசு தேடுற மாதிரி. பிறகு தலையைத் திருப்பிக்கிட்டு அப்படியே நின்னுச்சு. நான் டைமரை அமத்தினேன், கையை எடுத்தேன், மூச்சை அடக்கினேன். கேமரா ஒரு செகண்ட் கண்ணைத் திறந்து மூடிச்சு. அந்தச் சின்னத் திரையில பார்த்தேன், யானை படத்தில விழுந்திருந்தது. எனக்குச் சந்தோஷம். ஓம், சந்தோஷம். முன் கதவால உள்ள ஓடினேன். நூரு குசினியில கோப்பையோட நின்னுட்டு இருந்தா. இப்பதான் எழும்பினாவாக்கும் என்று தூக்கிக்கிட்டுப் பின் கதவைச் சாத்தினேன். கதவு திறந்து கிடந்தது. அதையும் நான் யோசிக்கல்ல. யானை கொஞ்ச நேரம் நின்னுட்டுத் தன் பாட்டில போயிட்டுது.

புதன்கிழமை ஸ்டூடியோவுக்குப் போனேன். "இந்தத் தரம் படம் அருமை மிஸ்" என்று அவர் பெரிசாப் போட்டுத் தந்தார்.

இப்ப கவரில இருக்கிற படத்தைப் பாருங்க. யானையை முதல்ல பார்ப்பீங்க, இடது காதில கிழிசல்கூடத் தெரியும். பார்த்து முடிச்சுட்டு வலது பக்க ஓரத்தைப் பாருங்க. குசினிப் படிக்கு வெளியில, வெறுங்காலோட, கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நூரு.

படியில இருந்து கிணத்துக்குப் பத்து எட்டு. என்ட எட்டு. யானைட எட்டு எத்தனை என்று எனக்குத் தெரியாது.

ஒரு செகண்ட் அசையாம நின்னாத்தான் அந்த வெளிச்சத்தில தெளிவா விழும் என்று நீங்கதான் சொல்லித் தந்தீங்க. மகள்ட கண்ணிமைகூடத் தெரியுது. அவ அசையல்ல. அதுவும் அசையல்ல. ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு நின்னிருக்கு. எனக்கு யானை மட்டும்தான் தெரிஞ்சிருக்கு.

பிறந்ததில இருந்து எடுத்ததில, அவட முகம் தெளிவா விழுந்த முதல் படம் இது. நீங்க கேட்ட ரெண்டும் ஒரே கடுதாசியில இருக்கு.

ஸ்டூடியோ வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன். ஒரு பக்கம் பஸ் ஸ்டாண்ட், ஒரு பக்கம் உம்மா வீடு. நடந்தேன். கையில இருந்தது கேமராவும் புள்ளையும் ஒரு சட்டையும்தான். கொடியில உடுப்புக் காயுது. உங்கட்டக் கேக்கல்ல. கேட்டா நீங்க இன்னொரு படம் கேப்பீங்களோ என்று பயம். நானும் எடுத்திருப்பேனோ என்று அதைவிடப் பயம்.

உங்கள்ல கோபம் இருக்கு. என்னில அதைவிடக் கூட. திரும்ப அங்க போக மாட்டேன். உங்களுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க.

ஹிதாயா


தோஹா
2008 மே 15

ஹிதாயாவுக்கு ஸலாம்.

கவரில உன்ட உம்மாட விலாசம் எழுத வேண்டி வந்தது. வீட்டு நம்பர் தெரியல்ல, நம்பர் போடாமத்தான் அனுப்புறேன். கல்யாணம் முடிச்சு நாலு வருஷம்.

படத்தை அறையிலதான் பிரிச்சேன். நீ சொன்னபடியே பார்த்தேன். முதல்ல யானை. பிறகு ஓரம். பிறகு நான் வெளியில போய் நடந்துட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தாலும் அப்படியேதான் இருந்தது.

அடுத்த நாள் கடையில பத்து எட்டு வச்சுப் பார்த்தேன், என்ட கவுண்டர்ல இருந்து. ஏசி மெஷின் இருக்கிற அலுமாரி வரைக்கும் வருது. நாள் முழுக்க அந்த அலுமாரியைப் பார்த்துக்கிட்டே நின்னேன்.

பகல் சாப்பாட்டு நேரம் மலையாளி என்ட சட்டைப் பையில இருந்து படத்தை எடுத்து மேனேஜருக்குக் காட்டிட்டான். மேனேஜர் லைட்டுக்குக் கீழ பிடிச்சுப் பார்த்து, "இந்தக் கேமராவா? இந்த வெளிச்சத்திலயா? பிளாஷ் இல்லாமலா?" என்று கேட்டார். பெரிசாப் பண்ணிக் கண்ணாடி அலுமாரியில வைக்கணுமாம், நூறு கேமரா விக்குமாம். "யார் எடுத்தது?" என்றார். என்ட மனிசி என்றேன். "அந்தப் புள்ள? செட் பண்ணி எடுத்ததா?" என்றார். அவர் கையில இருந்து பறிச்சுட்டேன். பறிக்கக் கூடாது, அவர் மேனேஜர். பறிச்சுட்டேன். இந்த மாசம் எனக்கு ராத்திரி ஷிப்ட்தான்.

யானையை வெட்டிப் போட்டுட்டு மகளை மட்டும் தலைமாட்டில ஒட்டலாம் என்று கத்தரிக்கோலும் எடுத்தேன். எந்த இடத்தில வெட்டினாலும் அவ அங்கதான் பார்த்துக்கிட்டு இருக்கா. வெட்டல்ல. ஒட்டவும் இல்ல. பாஸ்போட்டுக்குள்ள வச்சிருக்கேன்.

நானாவுக்குப் போன் பண்ணினேன். மூட்டையை எடுக்கச் சொன்னேன். "ஏன்டா, யாரு என்ன சொன்னா?" என்றார். யாரும் ஒண்ணும் சொல்லல்ல, நான்தான் சொல்றேன் என்றேன். போனை வச்சுட்டார். எடுப்பாரா என்று தெரியாது. வீடு கிடக்கட்டும்.

உன்ட உம்மாக்கு என்ட ஸலாத்தைச் சொல்லு. வேற என்ன சொல்றது என்று எனக்குத் தெரியல்ல. லீவு கிடைச்சு வாறப்ப அங்கதான் வருவேன். அதுக்குள்ள பழகிக்கிறேன்.

இனிப் படம் எடுக்க வேணாம். மகள் கலங்கியே இருக்கட்டும். ஓடித் திரியட்டும்.

நீ எழுதின முதல் நாள்ல இருந்து உனக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அதை இப்ப உனக்குச் சொல்ல வெக்கமா இருக்கு. அதனால மகளுக்குச் சொல்லு. எப்பவாவது அவ யானைக் கதை எடுத்தா, வாப்பாவும் அதைக் கண்டுட்டார் என்று சொல்லு.

லாபிர்